அளவு நோட்டின் பின்பக்கம்

போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடித்தோம். பரணில் கிடந்ததையெல்லாம் இறக்கிக் கூடத்தில் பரப்பினால், பித்தளைக் குடத்துக்கும் பிள்ளைகளின் தொட்டில் கம்புக்கும் நடுவில் ஒரு துணி மூட்டை. வெட்டுத்துணியாக இருக்கும், எடுத்துப் போட்டுவிடலாம் என்று தூக்கினேன், கனத்தது. அவிழ்த்துப் பார்த்தால் என் அளவு நோட்டுகள், மொத்தம் 11.

வீட்டில் ஜாக்கெட் தைக்கிற எல்லோரிடமும் ஒரு அளவு நோட்டு இருக்கும். வாடிக்கையாக வருகிறவர்களின் அளவை எடுத்து அதில் குறித்து வைத்துக்கொள்வோம். உயரம் 14, தோள் 13½, மார்பு 36, இடுப்பு 31, கை நீளம் 6, கைச் சுற்று 11, முன் கழுத்து 6, பின் கழுத்து 7. மேலே பெயர் இருக்கும், பல நேரம் பெயர்கூட இருக்காது, ‘பால்காரர் வீட்டு அக்கா’, ‘மூணாவது வீட்டு டீச்சர்’ என்றுதான் இருக்கும். பக்கத்தில் அவரவர் துணியில் ஒரு நறுக்கைக் குண்டூசியால் குத்தி வைத்திருப்பேன். 1994-ல் கல்யாணமாகி கோவில்பட்டியிலிருந்து மதுரை செல்லூருக்கு வந்தேன், அடுத்த வருடமே கூடத்து ஜன்னலோரம் மெஷின் போட்டாயிற்று. அப்போது தொடங்கிய நோட்டுகள் இவை. குண்டூசிகள் துருப்பிடித்துத் தாளில் செம்புள்ளி விட்டிருக்கின்றன. துணி நறுக்குகளின் நிறம் மட்டும் அப்படியே இருக்கிறது, அந்தக் காலத்து அரக்கும் மாம்பழ மஞ்சளும்.

ஆனால் வேலையைப் போட்டுவிட்டு நான் அங்கேயே தரையில் உட்கார்ந்தது அளவைப் பார்ப்பதற்காக இல்லை. இந்த நோட்டுகளைத் தலைகீழாகத் திருப்பினால் பின்பக்கத்திலிருந்து என் கதைகள் தொடங்கும்.

முன்னாலிருந்து அளவு வரும், பின்னாலிருந்து கதை வரும், இரண்டும் எங்கே முட்டுகிறதோ அங்கே நோட்டு முடிந்தது. அதனால் எந்த வருடம் என் வாழ்க்கையில் எது எவ்வளவு இடம் எடுத்துக்கொண்டது என்பது அந்த முட்டுகிற பக்கத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடுகிறது. 1996 நோட்டில் கதை 70 பக்கம். 1998 நோட்டில் 9 பக்கம். அந்த வருடம் பெரியவளுக்கு 2 வயது, தீபாவளிக்கு ராத்திரி ஒரு மணி வரை மெஷின் ஓடியது, என் வீட்டுக்காரர் வேலை பார்த்த பட்டறையில் பாதிச் சம்பளம். 2001-ல் சின்னவன் பிறந்தான், அந்த நோட்டில் கதையே இல்லை என்று நினைத்துப் புரட்டினால், நடுவில் ஒரே ஒரு பக்கம் இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாவது வாரம் எழுதியது. என்ன அவசரத்தில் எழுதினேனோ, பேனா கிடைக்காமல் துணியில் கோடு போடுகிற பென்சிலால் எழுதியிருக்கிறேன்.

நோட்டுகளைக் கட்டித் தந்தவர் என் மாமனார். சின்னதாக ஒரு பைண்டிங் பட்டறை வைத்திருந்தார். கடைக்காரர்களுக்குப் பேரேடும் சிட்டையும் கட்டிக் கொடுத்ததுபோக மிஞ்சுகிற தாள்களை அடுக்கித் தைத்து, காலிகோ துணி ஒட்டி, கனத்த அட்டை போட்டு எனக்கென்று ஒரு நோட்டு செய்து வருடா வருடம் தருவார். அதிகம் பேச மாட்டார். நான் பின்னாலிருந்து என்னவோ எழுதுகிறேன் என்பதை அவர் எப்போது கவனித்தார் என்று எனக்குத் தெரியாது. 1999 நோட்டைக் கொடுத்தபோது பார்த்தால் இரண்டு பக்க அட்டையிலும் சீட்டு ஒட்டியிருந்தது. முன்பக்கச் சீட்டில் அவர் கையால் ‘அளவு’ என்று எழுதியிருந்தார். பின்பக்கச் சீட்டு வெறுமையாக இருந்தது. “அதுல என்ன போடணும்னு எனக்குத் தெரியலம்மா, நீயே போட்டுக்க” என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்த எல்லா நோட்டிலும் இரண்டு சீட்டுகள் உண்டு. பின்பக்கச் சீட்டில் நான் கடைசிவரை எதுவும் எழுதவில்லை, கூச்சமாக இருந்தது. 2009-ல் மாமா போய்விட்டார்.

எங்கள் ஊர்ப் பக்கம் எழுத்து ஒன்றும் யாருக்கும் தெரியாத காரியம் இல்லை. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற இடைசெவல் என்ற ஒரே கிராமத்திலிருந்து இரண்டு பேருக்கு சாகித்ய அகாதெமி விருது கிடைத்திருக்கிறது, கு. அழகிரிசாமிக்கு 1970-ல், கி. ராஜநாராயணனுக்கு 1991-ல். இரண்டாவது விருது வந்தபோது எனக்கு 19 வயது. அண்ணன் பேப்பரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்து “நம்ம ஊரு, நம்ம ஊரு” என்று சத்தம் போட்டான். நான் அன்றைக்குத்தான் முதல் கதையை எழுத உட்கார்ந்தேன். ஆனால் அவர்கள் எழுதியது கரிசல் காட்டையும் அதில் பாடுபடுகிற சம்சாரிகளையும். எனக்குத் தெரிந்தது வீட்டுக்குள் இருந்த உலகம்தான், குறிப்பாகச் சொன்னால் தீப்பெட்டி ஒட்டுகிற உலகம். அதெல்லாம் கதையாகுமா என்று கேட்பதற்கு எனக்கு ஆள் இல்லை.

சரி, நோட்டுக்கு வருகிறேன்.

எல்லாவற்றையும் படித்து முடிக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. படிக்கப் படிக்க முதலில் எனக்கு வந்தது வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை. யாரோ தெரிந்த பெண் ஒருத்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது. அவள் எழுதிய சில விஷயங்கள் எனக்கு ஞாபகமே இல்லை. கோவில்பட்டி வீட்டுத் திண்ணையில் பெட்டி காயவைத்திருக்கும்போது மழை தூறினால், நாங்கள் நாலு பேரும் பாவாடையில் அள்ளிக்கொண்டு ஓடுவோமே, அப்போது எல்லோரும் ஒரே திசையில் ஓடினால் நிலைப்படியில் முட்டிக்கொள்வோம் என்று இரண்டு பேர் முன்வாசல், இரண்டு பேர் பின்வாசல் என்று அம்மா பிரித்து வைத்திருந்தாள். 24 வயதில் அதை எழுதி வைத்திருக்கிறேன். 54 வயதில் எனக்கு அது சுத்தமாக மறந்து போயிருக்கிறது. நோட்டு இல்லையென்றால் அந்தப் பின்வாசல் என்னோடு போயிருக்கும்.

இன்னொன்று, கையெழுத்து. பள்ளிக்கூடம் போவதற்கு முன்னாலேயே எனக்கு அம்மா எழுத்துச் சொல்லிக்கொடுத்துவிட்டாள். அவள் சொல்லிக்கொடுத்த லை, ளை, னை எல்லாம் பழைய உருவம், கொம்பை முன்னால் தனியாகப் போடாமல் எழுத்தோடு ஒட்டி யானைத் துதிக்கை மாதிரி வளைத்து எழுதுவது. 1978-ல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தபோது எனக்கு 6 வயது. பள்ளியில் டீச்சர் புதிய உருவத்தைத்தான் எழுதச் சொன்னார். நானும் மாறிவிட்டேன். அம்மா கடைசிவரை மாறவில்லை, அவள் கடிதத்தில் ‘வேலை’, ‘தலைவலி’, ‘பிள்ளை’ எல்லாம் துதிக்கையோடுதான் வரும். இப்போது நோட்டுகளைப் பார்த்தால், புதிய லை எழுதிக்கொண்டே வருகிற நான் சில பக்கங்களில் திடீரென்று பழைய லைக்குப் போயிருக்கிறேன். எங்கெல்லாம் அப்படி என்று பார்த்தேன். வரி சாய்ந்து கோட்டைவிட்டு இறங்கும் இடங்களில், எழுத்து பெரிதாகிக் குழறும் இடங்களில். தூக்கம் கண்ணைச் சுற்றும்போதெல்லாம் என் கை அம்மாவின் கையாகிவிட்டிருக்கிறது. எந்த வரி பகலில் எழுதியது, எந்த வரி நடு ராத்திரியில் எழுதியது என்று இன்றைக்கு என்னால் விரல் வைத்துச் சொல்ல முடியும்.

நான் பல வருடமாக ஒரு விஷயத்தை எல்லோரிடமும் சொல்லிவந்திருக்கிறேன். “2005-க்கு அப்புறம் எழுதுறதை விட்டுட்டேன், வீட்டுப் பாடு சரியா இருந்துச்சு.” சொல்லும்போது தொண்டை அடைக்கும், ஆனால் உண்மை என்றுதான் நினைத்திருந்தேன். அந்த வருடங்களில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. நான் மாதத்தில் பாதி நாள் கோவில்பட்டி, பாதி நாள் மதுரை. 2011-ல் அவளும் போய்ச் சேர்ந்தாள். அந்த நோட்டுகளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தால் காலிதான். ஆனால் முன்பக்கம் பார்த்தபோது கை நின்றுவிட்டது. அளவுகளுக்கு நடுவில், ஓரத்தில், பொடி எழுத்தில் என்னென்னவோ இருக்கிறது.

‘பின் கழுத்து 4 போதும் என்றாள். முதுகில் தழும்பு. கேட்கவில்லை. எழுதணும்.’

‘அம்மாவுக்குப் போன தடவை மார்பு 34, இப்போ 30. பழைய ஜாக்கெட்டையே பிடித்துத் தைத்தேன். அவளுக்குத் தெரிய வேண்டாம்.’

‘டேப் வைக்கும்போது மூச்சை இழுத்துப் பிடிக்கிறவர்கள், விட்டுவிடுகிறவர்கள். இரண்டு வகைதான் உலகத்தில்.’

இப்படி எண்ணிப் பார்த்ததில் ஆறு வருடத்தில் 143 குறிப்புகள். விட்டுவிட்டேன் என்று நான் சொல்லிக்கொண்டிருந்த அதே வருடங்களில்தான் இவை எழுதப்பட்டிருக்கின்றன. எழுத்து என்றால் உட்கார்ந்து, கதவைச் சாத்தி, தலைப்புப் போட்டு எழுதுவது என்று வைத்துக்கொண்டிருந்ததால் இவை எழுத்து என்றே என் கணக்கில் வரவில்லை. இரண்டாவது குறிப்பைப் படித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை. அம்மாவுக்கு நான் ஜாக்கெட் பிடித்துத் தைத்தது ஞாபகம் இருந்தது. அந்த 34-ம் 30-ம் ஞாபகம் இல்லை.

இனி நான் செய்த ஒரு தப்பைச் சொல்ல வேண்டும், இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

1996 நோட்டில் ‘பசை’ என்று ஒரு கதை இருக்கிறது. தீப்பெட்டி ஒட்டுகிற வீடு. மைதா மாவில் பசை காய்ச்சுவார்கள், பூச்சி அரிக்காமல் இருக்க அதில் மயில்துத்தம் போடுவார்கள், நீலமாக இருக்கும், வயிற்றுக்குள் போனால் விஷம். மாவு அளந்துதான் வரும், அதில் இத்தனை குரோஸ் ஒட்டித் தர வேண்டும் என்று கணக்கு, ஒரு குரோஸுக்கு 144 பெட்டி. கதையில் வருகிற சின்னப் பையன் பசியில் பசையை வழித்து நக்கிவிடுகிறான். அம்மா அவனை அடித்து, உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கிறாள். மறுநாள் பசை காய்ச்சும்போது துத்தம் போடுவதற்கு முன்னால் ஒரு பிடி மாவைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்கிறாள். அதில் ஒரு தோசை ஊற்றி அவனுக்குக் கொடுத்துவிட்டு, மிச்ச மாவில் தண்ணீரைக் கூட்டிப் பசை காய்ச்சுகிறாள். இதுதான் கதை. அப்போது ஒரு வாரப் பத்திரிகைக்கு அனுப்பினேன். தபால்தலை ஒட்டிய சுயமுகவரி உறை வைத்து அனுப்பினால்தானே திரும்பி வரும், அதுபோல வைத்து அனுப்பினேன், அதே உறையில் திரும்பி வந்தது. அது பெரிய விஷயமில்லை, அந்தக் காலத்தில் எல்லோருக்கும் வந்ததுதான்.

இப்போது படித்தபோது நல்ல கதை என்று தோன்றியது, ஆனால் ‘கொஞ்சம் சரி செய்தால்’ இன்னும் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது. 30 வருடம் படித்திருக்கிறோம், நமக்கு இப்போது தெரியும் என்ற எண்ணம். உட்கார்ந்து ஒரு வாரம் திருத்தினேன். அம்மா பேசுகிற வசனங்களைக் குறைத்தேன். துத்தத்தின் நிறத்தைப் பற்றி ஒரு பத்தி சேர்த்தேன். பையனின் பசியைச் சொல்லாமல் சொல்கிற மாதிரி மாற்றினேன். குறிப்பாக, அம்மா ஒரு இடத்தில் “மொதல்ல வயித்துக்கு எடுத்து வச்சிருட்டி, பெறவுதான் பெட்டிக்கு” என்று சொல்வாள், அது உபதேசம் மாதிரி இருக்கிறதே என்று அடித்துவிட்டேன். முடித்துவிட்டு சென்னையில் இருக்கும் மகளுக்குப் போனில் அனுப்பினேன், பழையதைப் போட்டோ எடுத்தும் அனுப்பினேன்.

ராத்திரி கூப்பிட்டாள். “அம்மா, ரெண்டையும் படிச்சேன். புதுசு நல்லா இருக்கு. ஆனா பழசுல ஆச்சி இருக்காங்க. புதுசுல இல்ல” என்றாள். எந்த இடத்தில் என்று கேட்டேன். “பெறவுதான் பெட்டிக்கு-ன்னு சொல்ற எடத்துல. ஆச்சி அப்படித்தானே பேசுவாங்க, வார்த்தைக்கு வார்த்தை பெறவு.”

எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் அந்த வரியைக் கற்பனை என்று நினைத்திருந்தேன். அம்மா அதை நிஜமாகச் சொன்னாள். தம்பிதான் அந்தப் பையன், பசையை நக்கியது அவன்தான், மாவை எடுத்து வைத்தது நான்தான். 1996-ல் எழுதும்போது இது எனக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். எழுதி முடித்ததும் நோட்டில் இருக்கிறதே என்று மனசு கைகழுவிவிட்டது போலிருக்கிறது. அம்மா வாயிலிருந்து வந்த ஒரு வரியை, அவள் செத்து இத்தனை வருடம் கழித்து, நன்றாக இல்லை என்று நானே அடித்திருக்கிறேன். திருத்தியதை அன்றைக்கே அழித்துவிட்டேன்.

தையலில் ஒரு முறை உண்டு. ஜாக்கெட்டின் பக்கவாட்டில் ஒன்றரை அங்குலம் துணியை உள்ளே விட்டு, இரண்டு மூன்று தையல் ஓட்டி வைப்போம். நாளைக்கு உடம்பு போட்டால் உள்தையல் ஒன்றைப் பிரித்தால் போதும், இளகிக்கொடுக்கும். உள்ளே துணி விடாமல் ஒட்ட வெட்டித் தைத்ததைப் பிரிக்க முடியாது, பிரித்தால் கிழியும். பழைய எழுத்தும் அப்படித்தான் இருக்கிறது. பெண் விடுதலை பற்றி, வறுமை பற்றி, மனித மனம் பற்றியெல்லாம் நான் அப்போது நினைத்ததை எழுதி வைத்த கதைகள் ஒட்ட வெட்டியவை. இன்றைக்கு எனக்கு அவை பொருந்தவில்லை, பிரித்துத் தைக்கவும் உள்ளே துணி இல்லை. ஆனால் பார்த்ததை மட்டும் எழுதியவை, அந்தப் பின்வாசல், முதுகுத் தழும்பு, மாவு அளந்த கிண்ணம், இவற்றில் நான் விட்டு வைத்ததே தெரியாமல் எவ்வளவோ துணி உள்ளே இருக்கிறது. அப்போது தம்பியின் கதையாக இருந்தது இப்போது அம்மாவின் கதையாகத் தெரிகிறது. அதற்கு அந்தக் கதையில் ஒரு எழுத்தைக்கூட நான் மாற்ற வேண்டியதில்லை, இப்போது தெரிவதை வேறு கதையாக எழுதினால் போதும்.

‘தினமும் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் எழுதுங்கள்’ என்று சொல்கிறார்கள். எனக்கு அந்த யோசனை ஒருநாளும் உதவவில்லை. நாலு மணி என்பது எங்கள் வீட்டில் யாருடைய தேவையோ ஆரம்பிக்கிற நேரம், பிள்ளைகள் சின்னதாக இருக்கும்போது தண்ணீர் பிடிக்கிற நேரம். எனக்கு உதவியது தையலில் கற்றுக்கொண்ட ஒரு பழக்கம். மெஷினில் பாதித் தையலில் யாராவது கூப்பிட்டால் ஊசியை மேலே நிறுத்திவிட்டு எழுந்து போகக் கூடாது, துணிக்குள் இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும். திரும்பி வந்து மிதித்தால் தையல் விலகாமல் விட்ட இடத்திலிருந்தே ஓடும். இந்த நோட்டுகளில் கதைகள் எல்லாம் வாக்கியத்தின் நடுவில்தான் நிற்கின்றன. ‘அவள் கதவைத் திறந்தபோது’ என்று நிற்கும், கீழே வேறு மையில் ‘வாசலில் யாரும் இல்லை’ என்று தொடரும், இடையில் எத்தனை நாளோ. பத்தியை முடித்துவிட்டு எழுந்த இடங்களில் பாதிக் கதைகள் அங்கேயே முடிந்துபோயின, திரும்ப எடுக்கவே இல்லை.

நூலும் ஊக்கும் கொக்கியும் லைனிங் துணியும் வாங்க அப்போதெல்லாம் புது மண்டபம் போவேன். மீனாட்சி அம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் காலத்து மண்டபம். இப்போது அங்கிருந்த கடைகளையெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். என் காலத்தில் கல்தூண்களுக்கு நடுவில் வரிசையாகத் தையல் மெஷின்கள் ஓடும், அதே மண்டபத்தில் புத்தகக் கடைகளும் இருக்கும். ஊக்கு வாங்கின மிச்சக் காசுக்கு ஒரு புத்தகம், நூல்கண்டும் புத்தகமும் ஒரே மஞ்சப்பையில். வெளியே யாரும் என்னை எழுதுகிறவள் என்று பார்த்ததில்லை, நானும் சொன்னதில்லை. அந்த மண்டபத்துக்குள் நிற்கும்போது மட்டும் என்னுடைய இரண்டு வேலைக்கும் ஒரே கூரை என்று இருக்கும். அங்கே போய் நிற்க முடியவில்லையே என்று இப்போதும் ஏங்குகிறேன்.

2020 நோட்டு இன்னும் அலமாரியில் கையெட்டும் இடத்தில் இருக்கிறது. ஊரடங்கு வருடம். ஒருவர் தோளில் டேப்பை வைக்க முடியாத வருடம். துணி முகக்கவசம் தைத்துக் கொடுத்தேன், அதற்கு அளவு தேவையில்லை. அந்த நோட்டில் அளவு 4 பக்கம், கதை 52 பக்கம். நல்ல காலம் என்று அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, எங்கள் தெருவிலேயே மூன்று பேர் போனார்கள்.

இப்போது அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, 82 வயது. 2022-ல் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு மெதுவாக வரும், ஆனால் தெளிவு உண்டு. படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லிக்கொடுத்தார். ராத்திரி 11-க்கு நான், 1 மணிக்கும் நான், 3 மணிக்கும் 5-க்கும் என் வீட்டுக்காரர். பட்டறைக்குப் போகிற மனுஷர், தூக்கம் வேண்டாமா என்று கேட்டால், “நீ எழுதணும்ல, ஒரு மணிய நீ எடுத்துக்க, அதுக்கப்புறம் நான்” என்கிறார். அவர் என் கதை எதையும் படித்ததில்லை, படிப்பதில் அவருக்கு நாட்டம் கிடையாது. மாதம் ஒருமுறை என் கத்தரிக்கோலைப் பட்டறைக்கு எடுத்துப்போய்ச் சாணை பிடித்துக்கொண்டு வருவார். போன வருடம் மெஷின் தலையை மடக்கி உள்ளே இறக்கிய பிறகு மேலே வைத்து எழுத ஒரு பலகை இழைத்துக்கொண்டு வந்து போட்டார்.

பகலில் கை ஓயாது. அதனால் போனில் வாயால் சொல்லிப் பதிகிறேன், மாவு பிசையும்போது, அத்தைக்குக் காலை நீவிவிடும்போது. அது என் பேச்சைப் பாதி புரிந்துகொள்கிறது, துத்தம் என்றால் சுத்தம் என்று போடும், ராத்திரி உட்கார்ந்து சரி செய்துகொள்வேன். இப்படிச் சொல்லிச் சொல்லி எழுதுவது எழுத்தாகுமா என்று முதலில் தயக்கம் இருந்தது. வை.மு. கோதைநாயகி அம்மாளை நினைத்ததும் அது போய்விட்டது. 5 வயதில் கல்யாணம், பள்ளிக்கூடம் போனதில்லை. முதல் நாடகத்தைத் தான் சொல்லச் சொல்ல ஒரு தோழியை எழுத வைத்தார். அப்புறம் எழுதக் கற்றுக்கொண்டு, 1925-ல் ஜகன்மோகினி பத்திரிகையை எடுத்து 35 வருடம் நடத்தி, 115 நாவல் எழுதியவர். நூறு வருடத்துக்கு முன்னால் அவருக்கு ஒரு தோழி இருந்தாள், எனக்குப் போன் இருக்கிறது.

சனிக்கிழமை மதியம் நாத்தனார் வந்து அத்தையைப் பார்த்துக்கொள்வார், அந்த மூன்று மணி நேரம் நத்தம் ரோட்டில் இருக்கிற கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்விடுகிறேன். 2023-ல் திறந்ததிலிருந்து இது நடக்கிறது. வீட்டுக்கு வெளியே எனக்கென்று ஒரு நாற்காலி.

இப்போது இந்த 11 நோட்டையும் இருக்கிறபடியே தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். பழைய லை வேண்டுமே என்று சின்னவனிடம் கேட்டேன். யூனிகோடில் பழைய உருவத்துக்கும் புதிய உருவத்துக்கும் ஒரே குறியீடுதான், எழுத்துரு மாறினால்தான் உருவம் மாறும், ஒரே பத்தியில் இரண்டும் வேண்டுமென்றால் அந்தந்த எழுத்துக்கு எழுத்துருவை மாற்ற வேண்டும் என்றான். ஒவ்வொன்றாக மாற்றப் பொறுமை இருந்தாலும் நேரம் இல்லை. அதனால் தூக்கத்தில் அம்மா கையாக மாறிய இடங்களில் எல்லாம் ஒரு சின்ன நட்சத்திரம் போட்டு வைக்கிறேன். படிக்கிறவர்களுக்கு அது எதற்கென்று தெரியாது, பரவாயில்லை.

நேற்று ராத்திரி ஒரு மணிக்கு அத்தையைத் திருப்பிப் படுக்க வைத்தேன். தூக்கம் வரவில்லை போல, கண்ணைத் திறந்தே வைத்திருந்தார்கள். நான் பலகையைப் போட்டு உட்கார்ந்ததும், “என்னத்தா எழுதுற?” என்றார்கள். 31 வருடத்தில் முதல் தடவையாகக் கேட்கிறார்கள். என்ன சொல்வதென்று தெரியாமல் ‘பசை’யை வாசித்துக் காட்டினேன். நடுவில் தூங்கிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். பையன் பசையை நக்குகிற இடத்தில் வலது கை தானாக உயர்ந்து வாய்க்குப் போயிற்று. துத்தம் போடுகிற இடம் வந்ததும், “நில்லு” என்றார்கள்.

“அப்படியே கட்டியாப் போட்டா கரையாது. சுடுதண்ணில தனியாக் கரைச்சு, அப்புறம் ஊத்தணும். உங்க மாமா பட்டறைக்கு நாந்தான் காய்ச்சுவேன். நாப்பது வருசம்.”

எனக்குத் தெரியாது. பைண்டிங்குக்கும் அதே மைதா, அதே துத்தம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு பேரும் பசை காய்ச்சின கை, ஒரே அடுப்படியில் இத்தனை வருடம் நின்றிருக்கிறோம், இதைப் பற்றி ஒரு பேச்சு பேசியதில்லை. நோட்டை எடுத்து முதுகுப் பக்கம் விளக்கில் பிடித்துப் பார்த்தேன். காலிகோ விடவில்லை. இராமபாணப் பூச்சி ஒரு ஓட்டைகூடப் போடவில்லை, அதே பரணில் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் புத்தகமெல்லாம் சல்லடையாகக் கிடந்தது.

“இந்த நோட்டுக்கும் நீங்க காய்ச்சினதா அத்தை?”

“பின்னே? உனக்குன்னா மாமா ஒரு சிட்டிகை கூடப் போடச் சொல்லுவாரு.”

எவ்வளவு மாவுக்கு எவ்வளவு துத்தம் என்று கேட்டேன். மெதுவாக, யோசித்து யோசித்துச் சொன்னார்கள். கைக்குக் கிடைத்தது இந்த வருட அளவு நோட்டு, அதில் நாத்தனார் ஜாக்கெட் அளவுக்குக் கீழேயே எழுதிக்கொண்டேன். எங்கள் அம்மா கட்டியாகத்தான் போடுவாள் என்று சொன்னேன். “அப்ப அடியில தங்கியிருக்கும், வீணாப் போயிருக்கும்” என்றார்கள். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, “அந்தப் பயலுக்கு ஒண்ணும் ஆகலையே?” என்று கேட்டார்கள். தம்பி தூத்துக்குடியில் இருக்கிறான், நன்றாக இருக்கிறான் என்றேன்.

“மிச்சத்தையும் வாசி” என்றார்கள்.